டேகேர் செலவுக்கு எஃப்எஸ்ஏ-வா, டாக்ஸ் கிரெடிட்டா?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ அடுத்த வருடத்துக்கான காப்பீடு, சலுகைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஓப்பன் என்ரோல்மென்ட் மெயில் வந்துவிடும். மெடிக்கல், டென்டல், விஷன் எல்லாவற்றிலும் போன வருடம் எடுத்ததையே எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்தப் பக்கத்தின் கீழே ‘டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ’ என்று ஒரு கட்டம் இருக்கும்; டேகேர் செலவுக்காகச் சம்பளத்தில் வரி பிடிக்கும் முன் பணம் ஒதுக்கும் கணக்கு அது. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், வருடத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் டாலர் கையில் நிற்பதும் போவதும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

2025 வரை இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. இருவரும் ஐடி சம்பளம் வாங்குகிறார்கள் என்றால் எஃப்எஸ்ஏ, அவ்வளவுதான். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம் இரண்டு பக்கத்தையும் மாற்றிவிட்டது. எஃப்எஸ்ஏ-வின் உச்சவரம்பு 5,000 டாலரிலிருந்து 2026 முதல் 7,500 ஆனது. அதே வருடத்திலிருந்து, டேகேர் செலவில் ஒரு பங்கை வரியில் கழித்துத் தரும் டேகேர் கிரெடிட்டின் விகிதமும் நடுத்தர வருமானக்காரர்களுக்கு 20 சதவீதத்திலிருந்து 35 வரை ஏறிவிட்டது. நண்பர் எடுத்தார் என்று நாமும் எடுப்பது இனிமேல் சரிவராது.

கணக்குக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குழந்தை இருக்கிறது என்பதற்காகவே கிடைப்பது சைல்டு டாக்ஸ் கிரெடிட். டிசம்பர் 31 அன்று 17 வயது நிரம்பாத ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,200 டாலர். தம்பதியின் கூட்டு வருமானம் 4,00,000 டாலரைத் தாண்டினால்தான் குறையத் தொடங்கும். ‘எஃப்எஸ்ஏ எடுத்தால் இது போய்விடுமா?’ என்று பலர் கேட்கிறார்கள். போகாது. இதில் தேர்வு என்று எதுவும் இல்லை, தகுதி இருந்தால் கிடைக்கும். தகுதியில்தான் நம் ஊர்க் குடும்பங்களுக்குச் சிக்கல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேர்வு இருப்பது அடுத்த இரண்டுக்கு நடுவில். இரண்டும் ஒரே செலவுக்குத்தான்: நீங்கள் வேலைக்குப் போவதற்காக 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் காசு கொடுத்து ஒருவரிடம் விட்டுப்போகும் செலவு. டேகேர், பிரீஸ்கூல், ஆஃப்டர் ஸ்கூல், கோடை விடுமுறையில் பகல் நேர கேம்ப் எல்லாம் இதில் வரும். ராத்தங்கும் கேம்ப் வராது. கிண்டர்கார்டன் முதல் மேலே கட்டும் தனியார் பள்ளிக் கட்டணமும் வராது.

எஃப்எஸ்ஏ என்றால் சம்பளத்திலிருந்து வரி பிடிக்கும் முன்பே பணத்தை ஒதுக்கிவிடுவது. ஃபெடரல் வருமான வரி மட்டுமல்ல, சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் போகும் 7.65 சதவீதமும் அந்தப் பணத்துக்கு இல்லை. அதாவது 22 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு ஒவ்வொரு நூறு டாலரிலும் 29.65 மிச்சம். கிரெடிட் வேறு வழியில் வேலை செய்கிறது. டேகேருக்கு வரி கட்டிய பணத்திலிருந்தே கொடுத்துவிட்டு, ரிட்டர்ன் போடும்போது ஒரு குழந்தை என்றால் 3,000 டாலர் வரை, இரண்டோ அதற்கு மேலோ என்றால் மொத்தம் 6,000 வரை செலவைக் காட்டலாம். அதில் ஒரு விகிதம் கட்டவேண்டிய வரியிலிருந்து நேராகக் கழியும். 2026 விதிப்படி கூட்டு வருமானம் 1,50,000 டாலர் வரை அந்த விகிதம் குறைந்தது 35 சதவீதம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு 4,000 டாலருக்கும் ஒரு சதவீதம் இறங்கி, சுமார் 2,06,000-க்கு மேல் 20 சதவீதத்தில் நின்றுவிடும். இங்கே வருமானம் என்பது ஆஃபர் லெட்டரில் இருக்கும் சம்பளம் இல்லை. 401(கே) என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பில் வழக்கமான முறையில் போடுவது, மெடிக்கல் பிரீமியம் இதெல்லாம் போக நிற்கும் வருமானம், அதாவது ஏஜிஐ. 1,80,000 சம்பளம் வாங்கும் தம்பதி ஆளுக்கு 15,000 டாலர் 401(கே)-வில் போட்டால் 1,50,000-க்கு வந்துவிடுவார்கள்.

முக்கியமான விதி: எஃப்எஸ்ஏ-வில் எவ்வளவு போடுகிறீர்களோ, கிரெடிட்டின் 3,000 அல்லது 6,000 வரம்பிலிருந்து அவ்வளவும் கழியும். 7,500 போட்டுவிட்டால் எத்தனை குழந்தை இருந்தாலும் கிரெடிட்டுக்கு மிச்சம் ஏதும் இல்லை.

ஆஸ்டினில் இருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, கணக்கு சுலபம். இருவருக்கும் சேர்த்து 1,40,000 சம்பளம், 401(கே)-வில் 20,000 போகிறது, ஏஜிஐ 1,20,000. மூன்று வயதுப் பெண் டேகேரில், ஆறு வயதுப் பையன் ஆஃப்டர் ஸ்கூலில். செலவு 7,500-க்கு மேலேயே போகும். 2026-இல் தம்பதிக்கு வரியில்லாமல் விடும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 32,200 போனால் வரிக்குரிய வருமானம் 87,800. அது 12 சதவீதப் படி. எஃப்எஸ்ஏ-வில் முழு 7,500 போட்டால் 19.65 சதவீதம், 1,474 டாலர் மிச்சம். எஃப்எஸ்ஏ-வைத் தொடாமல் கிரெடிட் மட்டும் எடுத்தால் 6,000-க்கு 35 சதவீதம், 2,100 டாலர். 626 டாலர் வித்தியாசம், அதுவும் எல்லாரும் ‘வேண்டாம்’ என்று ஒதுக்கிவைத்த பக்கத்தில்.

இதே குடும்பத்தில் ஒரே குழந்தை என்றால் கணக்கு திரும்பிவிடுகிறது. கிரெடிட் 3,000-க்கு 35 சதவீதம், 1,050 டாலர்தான். எஃப்எஸ்ஏ அதே 1,474. ஆக டேகேர் செலவு 7,500-ஐத் தாண்டும் ஒற்றைக் குழந்தை வீட்டுக்கு எஃப்எஸ்ஏ. செலவு சின்னது, வருடத்துக்கு 3,000 டாலர் ஆஃப்டர் ஸ்கூல் மட்டும்தான் என்றால் மறுபடியும் கிரெடிட்: எஃப்எஸ்ஏ-வில் 590 மிச்சமாகும் இடத்தில் கிரெடிட் 1,050 தருகிறது.

இன்னொரு வீடு. இருவரும் ஆளுக்கு 1,20,000 வாங்குகிறார்கள், கழிவெல்லாம் இல்லை என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 2,40,000. 22 சதவீதப் படி. எஃப்எஸ்ஏ 2,224 டாலர் மிச்சம் செய்யும். கிரெடிட் விகிதம் இங்கே 20-க்கு இறங்கிவிட்டது. இரண்டு குழந்தைக்கும் சேர்த்து 1,200 டாலர். இதில் விவாதமே இல்லை.

இரண்டுக்கும் நடுவில், ஏஜிஐ 1,50,000-ஐ ஒட்டி இரண்டு குழந்தைகளோடு இருப்பவர்கள்தான் தலையைச் சொறிய வேண்டியவர்கள். எஃப்எஸ்ஏ 2,224, கிரெடிட் 2,100. 124 டாலர்தான் வித்தியாசம். மாநில வரி இல்லாத இடமாக இருந்தால் நான் கிரெடிட்டையே எடுப்பேன். எஃப்எஸ்ஏ-வில் பணத்தை முடக்கி, ரசீது அனுப்பி, டிசம்பரில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு 124 டாலர் போதாது. மாநில வரி உள்ள இடம் என்றால் எஃப்எஸ்ஏ பக்கம் லாபம் கொஞ்சம் கூடும். ஆனால் எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லை. நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் தங்கள் பங்குக்கும் ஒரு டேகேர் கிரெடிட் தருகின்றன. 1,60,000-ஐத் தொட்டுவிட்டால் கிரெடிட் 1,920-க்கு இறங்கிவிடுகிறது, அங்கிருந்து எஃப்எஸ்ஏ தான்.

உங்கள் கம்பெனி இன்னும் 5,000 வரம்பிலேயே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 7,500-க்கு உயர்த்த சட்டம் அனுமதிக்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. வரம்பு 5,000 என்றால் இந்த 1,50,000 குடும்பத்துக்கு எஃப்எஸ்ஏ-வில் 1,482, மிச்சமிருக்கும் 1,000-க்கு கிரெடிட் 350, மொத்தம் 1,832. அப்போது 2,100 தரும் கிரெடிட்டே மேல்.

இன்னும் ஒன்று. ‘இரண்டிலும் பாதிப் பாதி போடலாமே’ என்று தோன்றும். ஒரே குழந்தை உள்ள, ஏஜிஐ 1,20,000 வீட்டில் எஃப்எஸ்ஏ-வுக்கு 3,000 போட்டுப் பாருங்கள். கிரெடிட் வரம்பு அப்படியே தீர்ந்துவிட்டது, எஃப்எஸ்ஏ-வில் கிடைத்தது 590 டாலர். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் 1,050. எடுத்தால் முழுசாக எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

யார் பெயரில் எடுப்பது என்பதிலும் காசு இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி வரி 2026-இல் 1,84,500 டாலர் சம்பளத்தோடு நின்றுவிடும். கணவருக்கு 2,50,000, மனைவிக்கு 60,000 என்றால் கணவர் பக்கம் எஃப்எஸ்ஏ எடுப்பதால் அந்த 6.2 சதவீதம் மிச்சமாகாது. மனைவியின் கம்பெனியில் எடுத்தால் ஆகும். 7,500-க்கு 465 டாலர். கூடவே இன்னொரு நன்மை: போன வருடம் 1,60,000-க்கு மேல் வாங்கியவர்களை ‘அதிகச் சம்பளக்காரர்’ என்று தனியாக வைத்துக் கம்பெனிகள் ஒரு சோதனை நடத்த வேண்டும். சாதாரண ஊழியர்கள் போதிய அளவு சேரவில்லை என்றால் இவர்களுடைய தொகையை நடு வருடத்திலேயே வெட்டிவிடுவார்கள். குறைந்த சம்பளம் வாங்குபவர் பெயரில் எடுத்தால் இந்தத் தலைவலியும் இல்லை. வீட்டில் யார் சம்பளம் அதிகமோ அவர் பெயரில்தான் எல்லாம் என்கிற நம் பழக்கம் இங்கே செலவு வைக்கிறது.

எஃப்எஸ்ஏ-வின் பெரிய குறை, செலவழிக்காத பணம் போய்விடும். மெடிக்கல் எஃப்எஸ்ஏ மாதிரி ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. சில பிளான்களில் மார்ச் பாதி வரை அவகாசம் உண்டு, சிலவற்றில் அதுவும் இல்லை. அப்புறம், வருடத் தொகை ஜனவரியிலேயே கைக்கு வராது. சம்பளம் வர வர எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் எடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் தடவைக்கு 288 டாலர். டேகேர்காரர் மாதத் தொடக்கத்திலேயே முழுக் கட்டணம் கேட்பார்; முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, ரசீதை அப்லோட் செய்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்குகிற கதைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் இருவரும் சம்பாதிக்கிற வீட்டுக்கு. கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் இரண்டும் கிடையாது. ஹெச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான ஹெச்4 விசாவில் வந்து வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர், பிள்ளையைப் பிரீஸ்கூலுக்கு அனுப்பினால் அந்தக் கட்டணத்துக்கு எஃப்எஸ்ஏ-வும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. ஹெச்4-இல் இருப்பவர் கல்லூரியில் முழுநேரம் படித்தால், படித்த ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் 250 டாலர் சம்பாதித்ததாகவும், இரண்டு குழந்தை என்றால் 500 டாலர் சம்பாதித்ததாகவும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வருடத்தில் ஐந்து மாதமாவது முழுநேரப் படிப்பு இருக்க வேண்டும். ஒன்பது மாதம் படித்தால் இரண்டு குழந்தைக்கு 4,500 டாலர் செலவு வரை காட்டலாம். எஃப்எஸ்ஏ-வுக்கும் அதே வரம்புதான். எனவே அந்த வீட்டில் கணவர் 7,500-ஐ நிரப்பிவிட்டு உட்கார்ந்தால் 3,000 டாலருக்கு மறுபடி வரி கட்ட வேண்டிவரும். படிக்கிற வீட்டுக்குக் கிரெடிட்டே பாதுகாப்பு.

ஹெச்4 விசாவோடு இஏடி என்கிற வேலை அனுமதி அட்டையில் வேலை பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 30 முதல் கொடுக்கப்படும் புதுப்பிப்பு மனுக்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு இல்லை. பழைய அட்டை முடிந்து புதியது வராவிட்டால் வேலையை நிறுத்த வேண்டியதுதான். இடம் போய்விடுமே என்று அந்த மாதங்களிலும் டேகேருக்குக் கட்டுவோம். அந்தக் கட்டணம் கணக்கில் வராது. அடுத்த வருடம் அட்டை முடியப்போகிறது என்று தெரிந்தால், எஃப்எஸ்ஏ-வில் முழுத் தொகையைப் போடாமல் கிரெடிட்டுக்கு விட்டுவிடுவது நல்லது. கிரெடிட்டில் பறிபோக ஏதும் இல்லை, நடந்த செலவைக் காட்டப் போகிறோம், அவ்வளவுதான்.

பணத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். அதே அபார்ட்மென்டில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். குழந்தைக்கு ரசம் சாதம் ஊட்டிவிடுவார், தமிழில் பேசுவார், சென்டரைவிடக் கட்டணமும் குறைவு. பிப்ரவரியில் போய்க் கேட்டால், ‘சோஷியல் நம்பரெல்லாம் எதுக்கும்மா, கேஷாத்தானே குடுத்தீங்க’ என்பார். அங்கேதான் பிரச்சினை. எஃப்எஸ்ஏ, கிரெடிட் இரண்டுக்கும் ரிட்டர்னில் 2441 படிவத்தில், பார்த்துக்கொண்டவரின் பெயர், முகவரி, வரி எண் எல்லாம் எழுத வேண்டும். அவர் தர மறுத்தால், நீங்கள் கேட்டுப் பார்த்ததற்கு ஆதாரம் வைத்துக்கொண்டு கிரெடிட்டைக் கோரலாம். சட்டத்தில் இடம் உண்டு. நடைமுறையில் அந்த ஆன்ட்டியோடு உறவு அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கும் நாளிலேயே இதைப் பேசிவிடுவதுதான் இருவருக்கும் மரியாதை. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்பவர் என்றால் விஷயம் வேறு. ஒருவருக்கு 2026-இல் 3,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் நீங்கள்தான் முதலாளி. அவருக்காக சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் கட்ட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குக் கொடுக்கும் பணம்? விசிட்டர் விசாவில் வந்தவர் வேலை செய்து சம்பளம் வாங்கவே கூடாது. அதை டேகேர் செலவாகக் காட்டும் யோசனையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, சைல்டு டாக்ஸ் கிரெடிட்டுக்கு வருவோம். 2,200 டாலர் வேண்டுமென்றால் குழந்தைக்கு வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேண்டும். 2025 முதல் பெற்றோரில் ஒருவருக்காவது அது வேண்டும். ஹெச்1பி-யில் இருப்பவருக்கு அது இருக்கும். இங்கே பிறந்த தங்கைக்கு 2,200. சென்னையில் பிறந்து ஹெச்4-இல் வந்த அக்காவுக்கு அந்த நம்பர் கிடைக்காது, அது இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐடிஐஎன் எண்தான், அதனால் 500 டாலர் கிரெடிட் மட்டும். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, 1,700 டாலர் வித்தியாசம். டேகேர் கிரெடிட்டில் இந்தப் பாகுபாடு இல்லை. ஐடிஐஎன் வைத்திருக்கும் பிள்ளையின் டேகேர் செலவும் கணக்கில் வரும்.

க்ரீன் கார்டு வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கு மட்டும் இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் நம்பர் ரிட்டர்ன் போடுவதற்கான கடைசி நாளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் கடைசி நாளில் எக்ஸ்டென்ஷன் என்கிற கூடுதல் அவகாசமும் அடக்கம். மார்ச்சில் கார்டு வந்துவிடும் போலத் தெரிகிறது, நம்பர் ஏப்ரல் 15-க்குள் வருமா என்று சந்தேகம். அவசரப்பட்டு ஐடிஐஎன் வைத்து ரிட்டர்ன் போட்டு 500 வாங்குவதா, எக்ஸ்டென்ஷன் கேட்கும் 4868 படிவம் கொடுத்து அக்டோபர் 15 வரை காத்திருப்பதா? காத்திருங்கள். நாள் கடந்த பிறகு நம்பர் வந்தால், பழைய ரிட்டர்னைத் திருத்தி அந்த வருடத்துக்கான 2,200-ஐ வாங்க முடியாது. எக்ஸ்டென்ஷன் என்பது படிவத்துக்குத்தான், பணத்துக்கு இல்லை. கட்டவேண்டிய வரி இருந்தால் ஏப்ரல் 15-க்குள் கட்டிவிட வேண்டும். ரீஃபண்ட் வரவேண்டியவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

இன்னொன்று, கைக்குழந்தையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வருபவர்கள். இங்கே பிறந்த குழந்தை, நம்பரும் இருக்கிறது, ஆனால் வருடத்தில் பாதிக்கு மேல் மதுரையில் வளர்ந்தால் ‘பாதி வருடத்துக்கு மேல் உங்களோடு இருந்திருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையில் இடிக்கும். விடுமுறை, மருத்துவம் போன்ற தற்காலிகப் பிரிவு பரவாயில்லை. வேலை நெருக்கடிக்காக எட்டு மாதம் விட்டு வைப்பதை அதில் அடக்குவது கஷ்டம். பிறந்த வருடத்தில் மட்டும், உயிரோடிருந்த நாட்களில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டில் இருந்தாலே போதும்.

எஃப்எஸ்ஏ-வில் ஒருமுறை தொகையைச் சொல்லிவிட்டால் வருடம் முழுக்க மாற்ற முடியாது என்பது பாதி உண்மை. குழந்தை பிறப்பு, வாழ்க்கைத்துணைக்கு வேலை கிடைப்பது அல்லது போவது, டேகேர் மாறுவது, கட்டணம் ஏறுவது போன்றவை நடந்தால் மாற்றலாம். பெரும்பாலான பிளான்களில் 30 நாள் அவகாசம். அடுத்த ஜனவரியில் கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2 வரும்போது பத்தாம் கட்டத்தில் எஃப்எஸ்ஏ தொகை இருக்கும். கிரெடிட் எடுக்காவிட்டாலும் 2441 படிவத்தின் மூன்றாம் பகுதியை நிரப்பியாக வேண்டும். விட்டுவிட்டால் அந்த 7,500-ஐ வரிக்குரிய சம்பளமாகச் சேர்த்துவிடுவார்கள்.